முதலாளிக்கு நாங்கள் எல்லாரும் அண்ணன் பசங்க

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நீங்கள் யாரும் நம்பப் போவதில்லை.

இன்று அதியமான்கோட்டை பஸ்ஸில் இரண்டு தம்பிகள் மருத்துவக் காப்பீட்டு வழக்கு ஒன்றைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்கள். "எண்பதுகள்லயே அந்தப் போரை நடத்தினவன் நானுங்க!" என்று எழுந்தேன். பஸ்ஸே நடுங்கியது.

அப்போது லாரி பாடி கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. வெல்டர் காதர் பாய்க்குக் கண்ணில் தீப்பொறி பட்டுவிட்டது. தொழிலாளர் காப்பீடு இருந்தால் வைத்தியம் இலவசம். அதற்குச் சந்தாவே கட்டாத முதலாளியோ, "பட்டறையில தொழிலாளியே கிடையாது, எல்லாம் என் அண்ணன் பசங்க" என்று கோர்ட்டில் சாதித்தார்.

வழக்கைக் கேட்க வந்த கூட்டம் கோர்ட்டு வாசலிலிருந்து தொப்பூர் வரைக்கும் நின்றது.

"முதலாளி உங்களுக்கு என்ன வேணும்?" என்று எங்கள் வக்கீல் காதர் பாயிடம் கேட்டார்.

"சித்தப்பாருங்க. பட்டறையில என் பாகத்தப் பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

முதலாளி பதறி எழுந்தார். "ஐயோ சாமி, அவன் எங்கிட்ட கூலிக்கு வேல பாக்கறவனுங்க!"

வழக்கு அங்கேயே முடிந்தது. நீதிபதி சிரித்த சிரிப்பில் ஒகேனக்கல் பரிசல்கள் தானாகச் சுற்றின.

என் புளுகையெல்லாம் கீழே தாராளமாகத் திட்டுங்கள். ஒன்று மட்டும் நிஜம்: காதர் பாய்க்கு வைத்தியம் கிடைத்தது. இன்றும் எனக்கு பஸ் போர்டைப் படித்துச் சொன்னது அந்தக் கண்தான்.