மலைக்கு விடாத பெண்

சுடர்விழி ஒரு சிட்டிகைச் சேற்றை வாயில் போட்டு முன்பற்களால் மெல்லக் கடிக்கிறாள். பல்லில் எழும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்கிறாள். துப்புகிறாள். "நறநறங்குது. வண்டல். களியா இருந்தா வெண்ண மாதிரி வழுக்கும்."

பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த அம்சம் பெரியம்மா நிமிர்கிறார். "ஏன்டி, மண்ணத் திங்கிற? மசக்கையா?"

"ஆமா பெரியம்மா. எம்.எஸ்சி. மசக்கை."

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே அவள் ஊர். பெற்றோர் நேற்றுவரை கூலிக்கு நட்டவர்கள். இன்று குத்தகைக்குப் பயிரிடுகிறார்கள். அவள் படிப்பது நிலவியல். ஊரிலோ மருந்துக்கும் பாறை கிடையாது. அவள் கையில் எடுத்துப் பார்த்த முதல் கருங்கல், ரயில் பாதையில் பொறுக்கிய ஜல்லி. தாராசுரம் கோயிலுக்குப் போனால் சன்னதிப் பக்கமே போகமாட்டாள். தூணருகே லென்ஸோடு நிற்பாள். "சாமி கும்பிட வந்தியா, தூணக் கும்பிட வந்தியா?" என்று காவலர் விரட்டியிருக்கிறார். "தூணத்தாங்க. பாவம், வெளியூர்லேர்ந்து வந்த கல்லு" என்றாளாம். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அங்கேதான்.

அவள் கல்லூரியில் ஆண்டுதோறும் மலைக்குக் களப்பயிற்சி உண்டு. ஆண்களுக்கு மட்டும். பெண்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து அதே மலையைப் படமாக வரைய வேண்டும். ஏன் என்று கேட்டவளிடம் துறைத்தலைவர் சொன்ன பதில்: "ஏதாவது ஆனா யாரும்மா பொறுப்பு?" பெண்ணைப் பூட்டிவைப்பதற்கு இந்த நாடு வைத்திருக்கும் மரியாதையான பெயர் பொறுப்பு.

செயற்கைக்கோள் படத்தையும் தரையிலுள்ள மண்ணையும் ஒப்பிட்டு ஆராய, உதவித்தொகையோடு கோடைப் பயிற்சி ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு விண்ணப்பித்தாள். களப்பணி அனுபவம் இல்லை என்று ஒற்றை வரியில் நிராகரித்தார்கள். பூட்டியது ஓரிடம், தண்டித்தது வேறிடம். இந்த ஆண்டோடு படிப்பு முடிகிறது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள்; இதை விட்டால் இனி விண்ணப்பிக்கத் தகுதியும் இல்லை.

"மலைக்கு விடல. சரி, கீழ போறேன்" என்றாள். சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி எங்கே நின்றாலும் போய் நிற்பாள். குழாய் கக்கும் மண்ணை ஆழ வரிசையில் வரப்போரம் குவித்து வைப்பாள். வண்டிக்காரர் பிரபு முதலில் எரிந்து விழுந்தார். "கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்றால், "பாதியில நிறுத்துனா மண்ணு சரிஞ்சு குழி தூந்துடும். நீயா திரும்பப் போட்டுத் தருவ?" என்பார். பிறகு, "வாங்க மேடம், இன்னிக்கு என்ன சாப்புடுறீங்க?" என்று மண்ணை அவரே அள்ளி நீட்டத் தொடங்கினார்.

போன வாரம் அந்தப் பயிற்சிக்கு நேர்காணல், செல்போனில் வீடியோ அழைப்பாக. வீட்டில் சிக்னல் கிடைக்காது. அதனால் போர் ஓடிக்கொண்டிருந்த வயல் வரப்பிலேயே நின்றாள். தேர்வுக் குழுவில் தமிழ் பேசும் அம்மையார் ஒருவர் கேட்டார்: "களப்பணி எங்க செஞ்சீங்க?"

கேமராவைக் குவியல்கள் பக்கம் திருப்பினாள். "இங்கதாங்க மேடம். மேல கெடக்குறது காவிரி போட்டது. அடியில பாருங்க, சிப்பி. ஒரு காலத்துல இங்க கடல் இருந்துருக்கு."

"ஆய்வகம் இல்லாம வண்டல் எது, களி எதுன்னு எப்படிப் பிரிச்சீங்க?"

அவள் ஏதோ சொன்னாள். இரைச்சலில் அங்கே கேட்கவில்லை. "என்ன? கேக்கலையே" என்றது போன்.

பிரபு குழியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

சுடர்விழி கடைசிக் குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, போனைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, அவர்கள் காதில் விழும்படி கடித்தாள்.