பழுப்புச் சட்டைக்காரர்

மரப்பட்டறையில் அவருக்கு 'அரைவார்த்தை' என்று பெயர். கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் வரும். மீதியைக் கேட்டவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். "அந்த அலமாரி எப்ப முடியும்?" என்று முதலாளி கேட்டால் "நாளைக்கு..." என்பார். நாளைக்கு முடியுமா, நாளைக்குத்தான் கையே வைப்பாரா என்று முதலாளி மண்டையை உடைத்துக்கொள்வார். மறுநாள் மாலை அலமாரி தயாராக நிற்கும். கதவை ஒரு விரலால் இழுத்தால் சத்தமில்லாமல் திறக்கும்.

அவருடைய மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவள். காலையிலிருந்து மாலை வரை வாய் ஓயாத வேலை. கல்யாணமான புதிதில், இந்த மனுஷரோடு எப்படித்தான் குப்பை கொட்டப் போகிறோமோ என்று பயந்தவள்தான். பிறகு குழந்தைகள் பிறந்தார்கள், தவழ்ந்தார்கள், நடந்தார்கள். ஒருநாள் வீட்டைப் பெருக்கும்போது கவனித்தாள். மேசை, பெஞ்சு, அலமாரி, கட்டில் என்று வீட்டில் இருந்த அத்தனை சாமான்களின் மூலைகளும் மழுங்கியிருந்தன. நடக்கப் பழகும் பிள்ளை இடித்துக்கொள்ளக் கூடாது என்று, யாரிடமும் சொல்லாமல், ஒவ்வொன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார் மனுஷர். அன்றிலிருந்து அவள் அவரிடம் முழு வார்த்தை கேட்பதில்லை.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு ஏழு வயது. யார் செருப்பைக் கோணலாக விட்டார்கள், யார் தண்ணீர்க் குவளையை மூடவில்லை என்று துப்புத் துலக்குவதே அவளுக்குப் பொழுதுபோக்கு. அதனால் அவள் 'இன்ஸ்பெக்டர்'. இளையவனுக்கு நாலு வயது. அவன் 'வால்'. காரணம் சொல்லத் தேவையில்லை.

வெயில் காலத்தில் அந்த வீட்டில் மாலை நேரம் ஒரே அமர்க்களமாக இருக்கும். ஜன்னலையெல்லாம் திறந்து போட்டு, ஈரத் துண்டைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். தெருமுனையில் பழுப்புச் சட்டை தெரிந்ததும் வால் பிய்த்துக்கொண்டு ஓடுவான். மரத்தூள் தெரியக்கூடாது என்று ஒரே கடையில், ஒரே துணியில் எடுத்த சட்டைகள்தான் அவருக்கு எல்லாமே. ஓடிய வேகத்தில் அவர் மேல் ஏறி, கழுத்தில் மூக்கைப் புதைத்து மூச்சை உள்ளே இழுப்பான். பிறகு அப்பாவின் தலையில் சிக்கியிருக்கும் மரச் சுருள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவான். "மொதல்ல செருப்பக் கழட்டச் சொல்லு!" என்று வாசலில் நின்று இன்ஸ்பெக்டர் கத்துவாள். இருவரும் அவளைச் சட்டை செய்ய மாட்டார்கள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி காயாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, எல்லோரும் குனிந்தே நடமாடினார்கள். வாலுக்குச் சளி பிடித்தது. சளி இருமலாயிற்று. இருமல் போன பிறகு நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் மிஞ்சியது. படி ஏறினால் இழுத்தது, சிரித்தாலும் இழுத்தது. பிள்ளை சிரிக்கவே யோசித்தான்.

மருத்துவர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல யாருக்கு என்ன வேலை?" என்றார்.

"தச்சு..." என்றார் அப்பா.

மருத்துவருக்கு மறுபாதி தேவைப்படவில்லை. "மரத்தூள் இவனுக்கு ஆகவே ஆகாது. வேலை உடுப்போட புள்ளையத் தூக்காதீங்க. நல்லாக் குளிச்சுட்டு அப்புறம் கொஞ்சுங்க."

மறுநாள் மாலை அவர் தெரு வழியாக வரவில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து கொல்லைப்புறமாக வந்தார். சட்டையைக் கழற்றி வாளியில் போட்டார். மனைவி கடையிலிருந்து வாங்கி வந்த காட்டமான மருந்துச் சோப்பைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்தார். வாசலில் காத்திருந்த வாலின் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, ஈரத் தலையோடு வந்து நின்றார். வால் திரும்பிப் பார்த்தான். கிட்டே வந்தான், மூக்கைச் சுருக்கினான், அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா வெட்கம்?" என்று அம்மா சிரித்தாள்.

அடுத்த நாளிலிருந்து வேலைச் சட்டைகள் பட்டறையிலேயே தங்கிவிட்டன. அங்கேயே உடை மாற்றிக்கொண்டு வந்து, வீட்டில் இன்னொரு முறை குளித்தார். மழையில் தொப்பலாக நனைந்து வந்த நாளிலும் குளித்தார். அவருக்கே காய்ச்சல் அடித்த நாளிலும் குளித்தார். "இன்னிக்கு ஒரு நாள் விடுங்களேன்" என்று அவள் கெஞ்சினால் "புள்ள..." என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்குள் பெரும்போரே நடந்தது. திரைச்சீலைகள் கழற்றப்பட்டன. தரை விரிப்பு தானமாகப் போனது. இன்ஸ்பெக்டரின் கரடி பொம்மை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றப்பட்டது. "கரடி என்ன தப்பு செஞ்சுது? விசாரிக்காம தண்டிக்கலாமா?" என்று அவள் அழுது தீர்த்தாள். வாரம் தவறாமல் எல்லாத் தலையணை உறைகளும் வெந்நீரில் துவைக்கப்பட்டன. இதில் ஒரே ஆறுதல் வால்தான். துவைக்கும் நாளில் யாரும் கேட்காமலே தன் உறையைத் தானே கழற்றி எடுத்து வந்து கொடுத்துவிடுவான். "இந்த வயசுல எவ்வளவு பொறுப்பு பாருங்க!" என்று மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பெருமை அடித்துக்கொண்டாள்.

இடையில் பழுப்புச் சட்டை ஒன்று குறைந்தது. பட்டறையில் கிடக்கும் என்று அவள் நினைத்தாள். தரை துடைக்கக் கிழித்திருப்பாள் என்று அவர் நினைத்தார். வாய் ஓயாதவளும் வாய் திறக்காதவரும் ஒரே வீட்டில் இருந்து என்ன பயன்? கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியை இருவருமே கேட்கவில்லை.

மழை ஓய்ந்து பனி இறங்கியது. இழுப்பு குறையவில்லை. காலையில் கம்பளிக்குள்ளிருந்து எழும்போதே வாலுக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு செய்தும் ஏன் குறையவில்லை என்று அவள் புலம்பிக்கொண்டே இருந்தாள். அவர் புலம்பவில்லை. மெல்ல மெல்ல விலக ஆரம்பித்தார். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். வால் மடியில் ஏற வந்தால் "தள்ளி..." என்றார்.

ஒரு மாலை அவர் முழுதாகவே பேசினார். "தூசி சட்டையில இல்லை. என் தோல்லயே ஊறிப்போச்சு. எத்தன தடவ குளிச்சாலும் போகாது. பார்சல் கம்பெனியில வாசல் காவலுக்கு ஆள் கேக்கறாங்க. வர்ற திங்கக்கிழமை முதலாளிகிட்ட சொல்லிட்டு நின்னுக்கறேன்."

ஒரு பலகையை வாங்கும்முன் அதன்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொள்ளும் மனுஷர் அவர். அந்தக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறாராம். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. மூச்சுக்குத் தவிப்பது பெற்ற பிள்ளை.

சனிக்கிழமை வாலுக்குக் கடுமையாக இழுத்தது. உதடு வெளிறிவிட்டது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, முகமூடி வைத்து ஆவி மருந்து கொடுத்த பிறகுதான் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. ஞாயிறு காலை அவன் எழ முடியாமல் துவண்டு கிடந்தான். அம்மா புகட்டிய மருந்து அவன் தலையணையில் கொட்டிவிட்டது. அவனை அக்காவின் படுக்கைக்கு மாற்றிவிட்டு, அம்மாவே உறையைக் கழற்றினாள்.

உள்ளே, தலையணைக்கு அடியில், சுருட்டி அமுக்கியிருந்த ஒரு பழுப்புச் சட்டை பொத்தென்று விழுந்தது. விழுந்த இடத்தில் மரத்தூள் உதிர்ந்தது.

வாளியிலிருந்து எப்போது எடுத்தான், துவைக்கும் நாளில் உறையைத் தானே கொண்டு வந்த பொறுப்பு எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து பிள்ளை மூக்குக்கு அடியில் வைத்துத் தூங்கியது இதைத்தான். கோபம் சுள்ளென்று ஏறியது.

"ஏண்டா! வீட்டையே கழுவிக் கவுத்து வெச்சிருக்கோம், நீ இங்க என்ன பண்ணி வெச்சிருக்க!"

"அப்போ கரடி நிரபராதி!" என்று துள்ளிக் குதித்தாள் இன்ஸ்பெக்டர்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். சட்டையைப் பார்த்தார். மனைவியைக் கையமர்த்திவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் குந்தினார். "எதுக்குடா கண்ணு எடுத்த?"

வால் உதட்டைப் பிதுக்கினான். "அதத் தூக்கிப் போடாத. அது அப்பா."

"அப்பா நான்தானேடா?"

பிள்ளை தலையை ஆட்டி மறுத்தான். "நீ சோப்பு. தினமும் குளிச்சுட்டு சோப்பா வர்ற. கிட்டப் போனா தள்ளிப் போங்கற." மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டு மறுபடி சொன்னான். "அதான், கொஞ்சம் அப்பாவ எடுத்து வெச்சுக்கிட்டேன்."

அவள் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அழத்தான் போகிறார், அழட்டும் என்று அவள் பின்னால் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தலையை அலசி, உடம்பை நாலு முறை நீரால் மட்டும் தேய்த்துக் கழுவி, ஈரம் சொட்ட வந்தார். சோப்பு வாசனை இல்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்து, கழுத்தைச் சாய்த்துக் காட்டினார்.

வால் முகர்ந்தான். காதுக்குப் பின்னால் முகர்ந்தான், அக்குளில் முகர்ந்தான். அக்காவே பொறாமைப்படும் அளவுக்கு விசாரணை நடந்தது.

"இருக்கா?" என்றார்.

"கொஞ்சமா இருக்கு."

"போதுமா?"

வால் யோசித்தான். "நாளைக்கும் வருமா?"

"தினமும் வரும்டா. தினமும் உன் பக்கத்துலயேதான் படுத்துக்குவேன்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்தான். "சரி, அத நீயே எடுத்துட்டுப் போ" என்றான் பெரிய மனதோடு.

அன்றோடு இழுப்பு பறந்துவிட்டது என்று சொன்னால் அது கதை. அடுத்த பனியிலும் இழுத்தது. மருந்துப் புட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் வெயில் திரும்பும்போது வால் படியில் ஓடிக்கொண்டிருந்தான். மருத்துவரிடம் கேட்டு வீட்டில் வாசனையில்லாத சோப்புக்கு மாறினார்கள். பட்டறையில் முகத்துக்குத் துணி, வீட்டுக்கு வந்ததும் குளியல் என்ற ஒழுங்கை அவர் இன்றுவரை மாற்றவில்லை. ஒரு மனிதன் தன் பிள்ளைக்காக வேலையை விடுவது பெரிய காரியம்தான். விடாமல், ஒவ்வொரு நாளும் அந்தத் தூளைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை அணைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய காரியம் என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிறு மதியம் வால் அவர் கழுத்தில் மூக்கை வைத்தபடியே தூங்கிப்போனான். அவர் அசையாமல் கிடந்தார். சட்டையைக் கொல்லையில் ஊறப் போட்டுவிட்டு அவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"என்னங்க, அப்போ நாளைக்கு முதலாளிகிட்ட..." என்று தொடங்கினாள்.

அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாத" என்றார். "நல்லா மூச்சு விடறான். வந்து கேளு."