மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனவர்கள்

கோடைக்கானல் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டு வாசலில், மழையில் நனைந்த கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகலாம் என்று நர்சம்மா சொல்லியும் அவர் வரவில்லை. "அந்த டீச்சரம்மாகிட்டக் கேளுங்க. அவங்க சரின்னா வர்றேன்" என்று அவர் சொன்னது, கட்டிலில் கிடந்த எனக்குக் கேட்டது. என் இடது கையில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். அண்ணியின் உடலை எடுத்துப் போனபோது கடைசியாக முகம் பார்க்கக்கூட என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இவர் வருமுன்பே போலீசார் வந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதனாலோ என்னவோ, வாசலில் நின்றவரை வரச் சொல்லுங்கள் என்று உடனே சொல்லிவிட்டேன்.

அவர்தான் எங்கள் கோர்ட்டுக்குப் புதிதாக வந்திருந்த அரசு வக்கீல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கலாம். குளிர் பழகாததால் பேசும்போது உதடு நடுங்கியது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் வழக்கைப் பற்றி எடுத்ததும் பேசவில்லை. "வலி தாங்குதாம்மா? பேசலாமா, இல்ல நாளைக்கு வரட்டா?" என்றார். பேசலாம் என்றேன்.

அறுபதுகளின் நடுவில் நான் கோடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூண்டி தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பூண்டிக்கு அப்போது ரோடு உண்டு, பஸ் கிடையாது. கோடைக்கானல் போக வேண்டுமென்றால் பூண்டு ஏற்றும் லாரிதான் கதி. மூட்டைகளுக்கு மேலே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் கைக்குழந்தையுமாக உட்கார்ந்து போவோம். அது தப்பு என்றோ ஆபத்து என்றோ எங்களுக்குத் தோன்றியதில்லை. விபத்து நடந்த அன்று, நான் டீச்சர் என்பதால் டிரைவர் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். அண்ணி மேலே ஏறிக்கொண்டாள். ஏறும்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

லாரி கிளம்புமுன் டிரைவர் இறங்கிப் போய் முதலாளியிடம் பேசியதை நான் ஜன்னல் வழியே கேட்டேன். முதலாளி ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். மலையில் விளையும் பூண்டில் பாதிக்கு மேல் அவர் லாரியில்தான் இறங்கும். அன்று ஜீப்பில் ஊருக்கு வந்திருந்தார். "மொதலாளி, பிரேக்கு சரியாப் புடிக்கல. பாத்துட்டு நாளைக்கு எடுப்போம்" என்றார் டிரைவர். "சந்தை தப்பிரும்ல. கியர்லயே எறக்கு. வெரசாப் போ" என்றார் முதலாளி. இரண்டு மலை தாண்டி ஒரு இறக்கத்தில் டிரைவர் மிதித்துப் பார்த்தார், மறுபடியும் மிதித்தார். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது பூண்டு வாசனை மட்டும்தான்.

அண்ணி இறந்துபோனாள். அவளோடு மேலே இருந்த ஒரு பெரியவரும் இறந்தார். போலீசார் டிரைவர் ஒருவர் மீது மட்டும் வழக்குப் போட்டிருந்தார்கள். கவனமில்லாமல் ஓட்டினாராம். நான் கேட்ட பேச்சைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு, "அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். அரசு வக்கீலிடம் அதையே சொன்னேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு, "இத கோர்ட்ல சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

அவரைப் பற்றி ஊரில் அதற்குள் ஒரு பேச்சு பரவியிருந்தது. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாய் எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொடுத்தனுப்பியவர். அவர்தான் சொன்னார். புது வக்கீல் வந்ததும் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒன்றுகூடி அவரைப் பார்த்தார்களாம். சீசன் வரப்போகிறது, ஏரியைச் சுற்றி விற்கிறவர்களை விரட்ட வேண்டும், பங்களாக்களில் பூ திருடுகிறவர்களை உள்ளே தள்ள வேண்டும், காட்டில் விறகு பொறுக்கும் பொம்பளைகளுக்குத் தண்டனை போதவில்லை என்று ஆளாளுக்கு அடுக்கினார்களாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்: "சீசனுக்கு வர்றவங்க பத்திரமா இருக்கணும்ங்கிறீங்க, சரிதான். இங்கயே பொறந்து கெடக்கிற சனம் பத்திரமா இருக்காண்டாமா? எனக்கு மொத சோலி உசுரு போற விசயம். பூவும் வெறகும் பொறகு பாக்கலாம்." இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் பாய். "மனுசன் இங்க ரொம்ப நாள் நிலைக்க மாட்டாரும்மா" என்றும் சொன்னார்.

சாட்சி சொல்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டது வீட்டில் பெரிய பிரச்சினையானது. கூடாது என்றது வேறு யாருமில்லை, மனைவியைப் பறிகொடுத்த என் அண்ணன்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. "அவ போயிட்டா. நீ கோர்ட்ல ஏறுனா நாளைக்கு லாரி வராது. ஊரு பூண்டு பூரா அழுகிக் கெடக்கும். எம் பொண்டாட்டிக்காக ஊரே பட்டினி கெடக்கணுமா?" என்றான்.

இதைக் கேள்விப்பட்டு அரசு வக்கீல் பூண்டிக்கே வந்தார். ஜீப் கேட்டால் போலீசில் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை, பாய் சுமை ஏற்ற வைத்திருந்த மட்டக்குதிரையில் வந்தார். குதிரை பழக்கமில்லாததால் இறங்கியபின் நடக்கவே கஷ்டப்பட்டார். பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஊர் கூடியது. எல்லாம் நல்லபடி ஆகும் என்று அவர் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"லாரிய நிப்பாட்டுவாரு. நிச்சயம் நிப்பாட்டுவாரு. அதுக்கு எங்கிட்ட வழி இல்ல" என்றார். "ஜெயிப்போம்னும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா ஒண்ணு. டிரைவர மட்டும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா, இன்னொரு டிரைவர் வருவான். அதே பிரேக்கு, அதே எறக்கம். அடுத்த தடவ மேல உக்காந்திருக்கிறது யாருன்னுதான் தெரியாது."

கூட்டத்தில் பின்னால் நின்ற என் அண்ணன் தலையைக் குனிந்தபடியே கேட்டான்: "அந்த டிரைவருக்குப் பிள்ளைக இருக்கா?" மூன்று பிள்ளைகள் என்றார் வக்கீல். அண்ணன் என் பக்கம் திரும்பி, "கேட்டதக் கேட்டபடி சொல்லிரு" என்றான். அவ்வளவுதான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

கோர்ட்டில் முதலாளி முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே வேலை எதுவுமில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் நாலைந்து ஆட்கள். சாட்சிகள் ஒவ்வொருவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கூண்டில் ஏற வேண்டும். அதற்காகவே வந்திருந்தார். எனக்கு முன்னால் ஏறிய இருவர் எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லி இறங்கிவிட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் டிரைவர் ஊன்றுகோலோடு நின்றார். தன் முதலாளிக்கு எதிராக ஒரு வார்த்தை பேச அவருக்கு வாய் வரவில்லை.

நான் ஏறினேன். அரசு வக்கீல் எனக்கும் முன் பெஞ்சுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். அதை அவர் வேண்டுமென்றுதான் செய்தார் என்பது எனக்குப் புரிந்தது. அவர் கோட்டுப் பொத்தானைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி சொல்லி முடித்தேன். டிரைவர் கூண்டிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் அரசு வக்கீல் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். இந்தச் சாட்சியத்தின்படி குற்றத்தில் பங்குள்ள இன்னொருவர் இங்கேயே இருக்கிறார், கோர்ட்டில் இருப்பவரை வழக்கில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது, சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. முதலாளி எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தார். "உக்காருங்க" என்றார் மாஜிஸ்திரேட். எங்களை மிரட்ட வந்து உட்கார்ந்த மனிதர், வந்து உட்கார்ந்ததாலேயே மாட்டிக்கொண்டார்.

விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. நான் மறுபடியும் ஏறிச் சொன்னேன். இந்த முறை ஞாபகமில்லாதவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. லாரி, அரசு வக்கீல் சொன்னபடியே நின்றுபோனது. அந்த வருஷப் பூண்டை முன்காலத்தைப் போல மட்டக்குதிரைகளில் ஏற்றி, வெள்ளனே கிளம்பி, பாயின் கடை வாசலில் இறக்கினோம். பாதி விலைக்குத்தான் போனது. சில வீடுகளில் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். தீர்ப்பில் டிரைவருக்குச் சிறு தண்டனை, முதலாளிக்குச் சிறை. ஆனால் முதலாளி அப்பீல் செய்து மேல்கோர்ட்டுக்குப் போனார். சிறை ரத்தாகி அபராதம் மட்டும் நின்றது. அந்தச் செய்தி வந்த சில நாட்களில் அரசு வக்கீலுக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலேயே மலை இறங்கிவிட்டார்.

பல வருஷம் கழித்து, ஓய்வுபெற்று அவர் திண்டுக்கல்லில் இருப்பதாகத் தெரிந்து, போய்ப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. "உங்க ஊர்க்காரங்க மூஞ்சில முழிக்கவே எனக்கு யோக்கியதை இல்லம்மா. உங்களையெல்லாம் கூண்டுல ஏத்தி, பூண்டைப் பாதி வெலைக்கு விக்க விட்டு, கடைசில அந்த ஆள ஒரு வாரம்கூட உள்ள வைக்க முடியல. நான் தோத்த கேசு அது" என்றார். இத்தனை வருஷமும் அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் சொன்னேன்: "ஐயா, அந்தக் கேசுக்கப்புறம் பிரேக் பாக்காம எந்த லாரியும் எங்க மலைல கெளம்பினதில்ல. டிரைவர் மாட்டேன்னா முதலாளிக வாய மூடிக்குவாங்க. மேல ஆள் ஏத்தவே பயந்தாங்க. அப்புறம் பஸ்ஸும் வந்திருச்சு. அண்ணிக்குப் பொறகு எங்க ஊர்ல லாரில விழுந்து ஒருத்தரும் சாகலைங்க."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளே திரும்பி, அடுப்படியில் இருந்த தம் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றார்கள்.

"இந்தா, இப்பிடி வந்து உக்காரு" என்றார். என்னிடம் திரும்பினார். "இப்ப சொன்னீங்கல்ல. அத இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."