முளையில் கட்டிய கயிறு

கிளாராவுக்கு உடன்பிறந்தான் இல்லை. மற்ற இடங்களில் இது சீர் செய்ய ஆளில்லை என்ற குறையோடு போயிருக்கும். தூத்துக்குடிக் கடற்கரையில் சங்கு குளிக்கும் குடும்பங்களில் அப்படிப் போகாது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் கடலுக்குள் முங்கினால், தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க வேண்டும். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் உடனே மேலே இழுப்பது அவன் வேலை. வேறு எவன் கையிலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்.

சிப்பி எடுக்கும் காண்டிராக்டர் ஒருவரோடு அவள் தகப்பன் வியாகுலம் அந்தமானுக்குக் கப்பலேறியபோது அவள் சிறுமி. போர்ட் பிளேரிலேயே வளர்ந்து ஆளானாள். அதே கூட்டத்தில் முங்குகிறவனான சிலுவைராஜுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். வெற்றிலைத் தட்டு மாறுகிற நேரத்தில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தார்.

"பொண்ணு சரி. கயித்துக்கு யாருவே? வியாகுலம், நீரா பிடிக்கப் போறீரு, இந்த நடுங்குற கையோட?"

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து கிளாராவின் குரல் வந்தது.

"நான் பிடிக்கேன்."

பிடித்தாள். அறுபதுகள் முழுக்க, டோங்கி என்று தீவில் சொல்லும் அந்தச் சின்னப் படகின் ஓரத்தில் கால்களை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, பொத்தான் செய்யும் சிப்பிக்காக மூச்சடக்கி முங்கும் புருஷனின் கயிற்றைப் பிடித்தாள். "பொண்டாட்டி கயித்துல ஆடுற குரங்கு" என்று மற்ற படகுக்காரர்கள் சிலுவைராஜைக் கூப்பிட்டார்கள். அவன் பல்லைக் காட்டிவிட்டு முங்கிவிடுவான். மேலே இருந்தவள்தான் அந்தப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டாள். கயிற்றை விட்டுவிட்டு எழுந்துபோய் அறைய முடியாதே.

காண்டிராக்டர் ஒருநாள் சிப்பி வியாபாரத்தை மூடினார். அதே சமயம், துறைமுகத்துக்குள் மூழ்கிக் கிடந்த பழைய இரும்பையெல்லாம் அகற்ற மெயின்லேண்டிலிருந்து ஒரு கம்பெனி வந்து இறங்கியது. செம்புத் தொப்பியும் ரப்பர் உடுப்பும் போட்டு, மேலிருந்து பம்பில் காற்று அனுப்ப, கீழே நின்று செய்யும் வேலை. மாதச் சம்பளம். ஆனால் பயிற்சி எடுத்து, பரீட்சையில் தேறி, 'டைவர்' என்று சர்ட்டிபிகேட் வாங்கினால்தான் சேர்ப்பார்கள். சிலுவைராஜ் சேர்ந்தான். காற்றைத் திறப்பது, மூடுவது, காதடைத்தால் என்ன செய்வது என்று எல்லாம் படித்தான். ராத்திரிச் சோற்றின் முன் இங்கிலீஷ் வார்த்தைகளை முணுமுணுத்தான். கிளாராவுக்கு அதில் பெருமைதான். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கயிறு யாருங்க பிடிப்பா?"

"கம்பெனி ஆளு ஒருத்தன் இருக்கான். பிஸ்வாஸ்னு பேரு. திக்லிபூர்ப் பக்கத்துப் பெங்காலி. நல்லவன்தான்."

நல்லவனா கெட்டவனா என்று அவள் கேட்கவில்லை. பரீட்சை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் துறைமுக ஜெட்டிக்கு வந்து நின்றாள்.

ஜெட்டியை ஒட்டி நின்ற பார்ஜ் என்ற தட்டைப் படகிலிருந்து சிலுவைராஜை இறக்கினார்கள். அடியில் கிடக்கும் நங்கூரத்தில் சங்கிலியை மாட்டிவிட்டு வர வேண்டும். அதுதான் பரீட்சை. கம்பெனி சூப்பர்வைசர் திருநாவுக்கரசு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நின்று மேற்பார்வை செய்தார். பிஸ்வாஸ் கயிற்றோடு நின்றான். சற்று நேரத்தில் பம்புச் சக்கரத்தைச் சுற்றியவனுக்குக் கை ஓய்ந்தது. திருநாவுக்கரசு விரலைச் சொடுக்கினார். பிஸ்வாஸ் கயிற்றை இரும்பு முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுப் பம்புக்கு ஓடினான்.

கிளாராவுக்கு ஒரு கணம் கண்ணில் பட்டதை நம்ப முடியவில்லை. படகைக் கட்டுவார்கள், மாட்டைக் கட்டுவார்கள். உயிரோடு ஒருவன் கீழே நிற்கிற கயிற்றை எவனாவது முளையில் கட்டுவானா?

"யேய்! கயித்த அவுரு! கையில எடு!"

"யாரும்மா அது? இது என்ன மீன் மார்க்கெட்டா?" என்றார் திருநாவுக்கரசு.

முளையில் கயிறு விண்ணென்று தெறித்தது. தளர்ந்தது. மறுபடி தெறித்தது. யாரும் பார்க்கவில்லை. கிளாரா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பார்ஜுக்குள் குதித்தாள். கட்டை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் எடுத்ததுமே கீழே இருப்பவனின் பதற்றம் உள்ளங்கையில் வெட்டி வெட்டி இழுத்தது.

"கீஞ்சோ!" என்று, எல்லோரையும் இழுக்கச் சொல்லி இந்தியில் கத்தினாள். "சப் லோக் கீஞ்சோ!"

அந்தக் குரலுக்கு ஜெட்டியில் வேடிக்கை பார்த்து நின்ற அத்தனை பேரும் பார்ஜுக்குள் ஓடிவந்து இழுத்தார்கள். மேலே வந்த தொப்பியின் கண்ணாடியைக் கழற்றினால், உள்ளே சிலுவைராஜின் மோவாய் வரைக்கும் தண்ணீர். மணிக்கட்டில் ரப்பர் கிழிந்திருந்தது. அவன் கடல் தண்ணீரைத் துப்பித் துப்பி இருமினான்.

திருநாவுக்கரசு அவன் பக்கம் திரும்பவே இல்லை. "யாரைக் கேட்டும்மா மேல தூக்கின?"

"கீழ இருந்தவுகளக் கேட்டு."

"சங்கிலி இன்னும் மாட்டல. வெளியாள் கயித்தைத் தொட்டாச்சு. ஃபெயில்." சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "மறுபடி பரீட்சை வைக்கிறேன். ஆனா இந்தப் பொம்பளை ஜெட்டிப் பக்கம் வந்தா அதுவும் கிடையாது."

செத்துப் பிழைத்தவன் ஃபெயில். பிழைக்க வைத்தவள் வெளியாள். படித்த ஒரு மனிதர் இதையும் நாக்கூசாமல் சொன்னார்.

பிஸ்வாஸ் கிளாராவின் பின்னாலேயே வந்தான். "தீதி, என்னைத் திட்டாதே. பம்புக்கு ரெண்டு பேர், கயித்துக்கு ஒரு ஆள் வேணும். கம்பெனி ரெண்டு பேரைத்தான் வச்சிருக்கு. சூப்பர்வைசர் சாப் கூப்பிட்டா நான் என்ன செய்வேன்? எனக்கு இருக்கிறது ரெண்டு கைதானே?"

அக்கா என்று கூப்பிடுகிறவனை என்னவென்று திட்டுவது? ஆனால் வீட்டுக்கு வந்ததும் சிலுவைராஜ் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏட்டி, மறுபடி நீ வராத. எல்லாவனும் சிரிக்கான்."

"சிரிக்கட்டும். சாகலையே நீங்க?"

"இத்தன நாளும் உன் கயித்துலதான கெடந்தேன்? இந்த ஒண்ணையாவது நான் தனியா வாங்கிக்கிடுதேன்."

கிளாரா அன்று அடுப்பு மூட்டவில்லை. விடிந்ததும் மரைன் ஹில் சரிவில் இருந்த கம்பெனிக் கொட்டகைக்கு நடந்தாள். ஆட்கள் வேலைக்குக் கூடியிருந்தார்கள். திருநாவுக்கரசு டீ கிளாஸோடு வெளியே வந்தார்.

"ஜெட்டிக்கு வரலை சார். உங்க கிட்டதான் வந்தேன். கயித்துக்கு ஒரு ஆளு போடுங்க."

"மச்சான்தான் பிடிக்கணும்னு உங்க ஊர்ல ஒரு மூடநம்பிக்கை உண்டே, அதுவா? அதையெல்லாம் இங்க கொண்டுவராதேம்மா. இது கம்பெனி."

"மூடநம்பிக்கையா?" கிளாராவின் குரல் ஏறியது. "மச்சான் ஏன் பிடிக்கான்? கயித்த விட்டா அவன் தங்கச்சிதான் தாலியறுப்பா. பிடிக்கிறவனுக்கும் நட்டம் இருக்கணும் சார், அதுக்குத்தான் அப்படி வச்சிருக்கு. அவுக செத்தா உங்களுக்கு என்ன நட்டம்? இன்னொரு ஆளுக்குச் சொல்லி அனுப்புவீங்க, அவ்வளவுதான?"

திருநாவுக்கரசு டீயைக் கீழே வைத்தார்.

"எனக்கு அண்ணன் தம்பி கெடையாது. இந்தத் தீவுல எனக்குத் தெரிஞ்ச பெரிய தமிழ் ஆளு நீங்கதான். இத்தன பேரு முன்னாடி சொல்லுதேன், இன்னையிலேர்ந்து நீங்க எனக்கு அண்ணன். பரீட்சைக்கு நீங்களே பிடிங்க. அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன். தங்கச்சி கேக்க வேண்டியதையெல்லாம் உங்க பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாலயே கேப்பேன்."

தமிழ் தெரிந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். தெரியாதவர்களுக்குப் பிஸ்வாஸ் இந்தியில் எடுத்துச் சொன்னான். மச்சானுக்கு இந்தியில் உள்ள 'சாலா' என்ற சொல் தெருச்சண்டையில் திட்டுவதற்கும் ஆகும். "நம்ம சாப் சிலுவைராஜுக்குச் சாலா ஆயிட்டார்!" என்று எவனோ கூவ, கொட்டகையே குலுங்கியது. திருநாவுக்கரசின் முகம் சிவந்தது. 'முடியாது' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சிரிக்கிற அத்தனை பேரும் அவர் பதிலுக்காகக் காத்து நின்றதைப் பார்த்துவிட்டு, "சரி, போம்மா. பிடிக்கிறேன்" என்றார்.

மறு பரீட்சையை ஜெட்டிப் பக்கம் போகாமல் மரைன் ஹில் சாலையில் நின்றபடியே கிளாரா பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் கைமடிப்பை ஏற்றிவிட்டுக் கயிற்றோடு நின்றார். இடையில் யாரோ ஏதோ கேட்டபோதுகூடத் தலையைத் திருப்பவில்லை. சிலுவைராஜ் சங்கிலியை மாட்டினான், கயிற்றை இழுத்துச் சொன்னான், மேலே வந்தான். தேறிவிட்டான்.

கொட்டகை வாசலில் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்கும்போது, அங்கே வந்திருந்த கிளாராவிடம் திருநாவுக்கரசு உள்ளங்கையைக் காட்டினார். தோல் உரிந்திருந்தது.

"திருப்தியா தங்கச்சி?" என்றார், கொஞ்சம் கேலியாக.

"இன்னைக்கு நீங்க பிடிச்சீங்க. நாளைக்கு வேலைக்கு யாரு பிடிப்பா?"

அவர் கொட்டகைக்குள் போய்விட்டார்.

மறுநாள் பார்ஜில் பழையபடி இரண்டே பேர்தான் இருந்தார்கள். சிலுவைராஜ் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். தொப்பியை எடுத்துவந்தவனைக் கையமர்த்தினான்.

"கயித்துக்கு ஆளு வரட்டும்."

"நேத்துத்தான சர்ட்டிபிகேட் வாங்கின? அதுக்குள்ள உனக்குத் திமிரா?" என்று திருநாவுக்கரசு கத்தினார்.

"சர்ட்டிபிகேட் இருக்கதாலதான் சார் கேக்கேன். இல்லாதவன் கேட்டா விரட்டிருவீங்க. நான் முங்க மாட்டேன்னு சொல்லல. கயித்த முளையில கட்டுனா முங்க மாட்டேன்."

வெயில் உச்சிக்கு ஏறியது. ரப்பருக்குள் அவன் வேர்த்து ஒழுகினான். எழுந்திருக்கவில்லை. பம்பை விட்டு பிஸ்வாஸும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு, மாயாபந்தரிலிருந்து வேலை தேடி வந்திருந்த பன்னீர்செல்வம் என்பவனைக் கம்பெனி கூட்டிவந்து நிறுத்தியது. சிலுவைராஜ் அப்போதுதான் தொப்பியை மாட்டச் சொன்னான்.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னான். கிளாரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"புது ஆளுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"ஆயிட்டு. பெண்டாட்டி மாயாபந்தர்ல இருக்கா. எதுக்குக் கேக்க?"

"இங்க கூட்டியாரச் சொல்லுங்க. பிடிக்கிறவனுக்கும் நட்டம் இருக்கணும்ல? நான் அவகிட்டப் பேசணும்."