வக்கீலா, மண்டிக்காரரா?

யாருக்குச் செல்வாக்கு அதிகம் என்று இரண்டு ஆண்கள் போட்ட சண்டையில் என் தலைப்பிரசவம் அந்தரத்தில் தொங்கியது. இன்று சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

முப்பத்தேழாம் வருஷத்து மாகாணத் தேர்தலுக்குச் சில மாதம் முன்பே, கட்சி யாரை நிறுத்தும் என்ற பேச்சு பென்னாகரம் முழுக்க ஓடியது. முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர், இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்த வக்கீல். மற்றவர், கார் வைத்திருந்த கடலைக்காய் மண்டிக்காரர். ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் வக்கீல் பக்கம். ஏரியூரில் விவசாயம் பார்த்த என் அண்ணன் மண்டிக்காரர் பக்கம். முடிவு செய்யப் போவது சேலத்துக் கமிட்டி. இவர்கள் இருவரையும் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தானோ என்னவோ குரல் அவ்வளவு உயர்ந்தது.

சந்தை நாளில் அண்ணனுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். இலை போட்டவுடன் ஆரம்பித்துவிடுவார்.

“மண்டிக்காரரு வந்தன்னைக்கு எவ்ளோ கூட்டம் பாத்தீங்களா, மாப்ளே?”

“அது சந்தைக் கூட்டம், மச்சான். ஆடு விக்க வந்தவனெல்லாம் கட்சிக்காரனா? பாதிப் பேரு காரைத் தொட்டுப் பாக்க வந்தவன்.”

“உங்க வக்கீலுக்கு அதுகூட இல்லீங்களே. மேடையில இருந்தவங்கதான் கை தட்டுனாங்க.”

எட்டு மாத வயிற்றோடு நான் குழம்புச் சட்டியை வைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் பேச்சு முற்றி, அண்ணன் பாதி இலையில் எழுந்தார்.

“வக்கீலு நின்னா இந்த வூட்டுல இனிமே கை நனைக்க மாட்டேன்!”

“மண்டிக்காரரு நின்னா என் பொண்டாட்டி உங்க வூட்டுப் படி மிதிக்க மாட்டா!” என்றார் இவர்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக, ஒன்பதாம் மாதத்தில் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டி எடுத்து வந்து, பெண்ணுக்கு வளையல் போட்டு, புருஷன் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் வண்டி கிளம்பும். அப்பா இல்லாததால் கொண்டுவர வேண்டியவர் அண்ணன். வக்கீல் நின்றால் அண்ணன் சாப்பிட மாட்டார். மண்டிக்காரர் நின்றால் இவர் அனுப்ப மாட்டார். யார் நின்றாலும் நான் பிறந்த வீட்டுக்குப் போக முடியாது. மாமியார் காலமாகி வெகு நாளாகியிருந்தது, வீட்டில் வேறு பெண் துணை கிடையாது. அம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுவதை நினைத்தாலே பயமாக இருந்தது.

இவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். “ஆம்பள சொன்ன சொல்லு” என்றார். அந்தச் சொல்லை அள்ளி அடுப்பில் போடலாம் போலிருந்தது. விளக்கேற்றும்போதெல்லாம், ‘ரெண்டு பேரும் வேண்டாம், தாயே’ என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்து பத்து நாள் ஆயிற்று. மத்தியானத்திலேயே கடையைப் பூட்டிவிட்டு வந்த இவர், முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

“யாரோ ஒரு வாத்தியாரை நிறுத்தறாங்களாம். பேரே கேள்விப்பட்டதில்ல.”

“மண்டிக்காரரும் இல்லீங்களா?”

“அவரும் இல்ல.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “நானே நொந்து போயிருக்கேன், உனக்கு என்ன சிரிப்பு?” என்றார். நான் புடவைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

அந்த வாரமே அண்ணனின் மாட்டுவண்டி வந்தது. முதலில் அம்மா இறங்கினாள், பின்னால் சோற்றுப் பாத்திரங்கள். தோற்றுப்போன இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். பாதியில் இவரே புளிச்சோற்றை எடுத்து அண்ணன் இலையில் வைத்தார். அண்ணன் அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

தேர்தல் வந்தபோது நான் ஏரியூரில், மடியில் பெண் குழந்தையோடு இருந்தேன். நிலவரி கட்டியதால் அண்ணனுக்கு ஓட்டு இருந்தது, எனக்கு இல்லை. சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணா, மறக்காம அந்த வாத்தியாருக்கே போட்டுட்டு வாங்க. என்னை அம்மா வூட்டுக்கு அனுப்பி வெச்சவரு அவருதான்.”