மணிக்காரர் மனைவியின் இரண்டு நிமிடம்

சட்டைக் கம்பெனியில் அவருக்குக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம். பட்டன் கோணலாக இருந்தாலும் சரி, காலரில் நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. இப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு மணியையும் கொடுத்தால் என்ன ஆகும்? பேச்சுப் பயிற்சி கிளப்பில் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலக மாடியில் கூடுகிற கிளப் அது. கூட்டத்தில் பாதி நேரம் திடீர்ப் பேச்சுக்கு. தலைப்பு எழுதிய சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். ஒன்றை எடுத்த கையோடு இரண்டு நிமிடம் பேச வேண்டும். இடையில் "வந்து" என்றோ "அது என்னன்னா" என்றோ இழுத்தால் பின்வரிசையிலிருந்து ஒரு 'டிங்' கேட்கும். இரண்டு வருஷமாக அதைத் தட்டுகிறவர் இவர்தான். சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை. மணிக்காரர் என்றால்தான் தெரியும். தலைவரையே ஒரே பேச்சில் நாலு தடவை தட்டியவர் என்ற பெருமை வேறு. மணி அடிக்கிறவர் சீட்டு எடுக்க வேண்டியதில்லை என்பதால், இவர் மட்டும் இதுவரை ஒரு தடவைகூட எழுந்து பேசியதில்லை.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணி அறையில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் கவுன் எல்லாம் அவள் கை பட்டுத்தான் வார்டுகளுக்குப் போகும். அங்கே சூப்பர்வைசர் ஓய்வு பெறப்போகிறார். பதினாறு வருஷ அனுபவம் இருக்கிறதே, அந்த இடத்துக்கு வருகிறாயா, திங்கட்கிழமைக்குள் சொல் என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். அவளுக்கு ஆசைதான். ஆனால் சூப்பர்வைசர் தினமும் காலையில் இருபது பேருக்கு முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்ல வேண்டும்.

"வேலையெல்லாம் எனக்கு அத்துப்படிங்க. நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குதே, அதுதான் பயமா இருக்கு."

"அவ்வளவுதானே? ஞாயித்துக்கிழமை எங்க கிளப்புக்கு வா. ஒரு தடவை பேசிட்டா பயம் போயிடும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்தாள். அவள் எடுத்த சீட்டில் 'நான் தினமும் திறக்கும் கதவு' என்று இருந்தது. அவளுக்கென்றே எழுதி வைத்த மாதிரி. முகம் மலர்ந்துவிட்டது.

"நான் தினமும் திறக்கிறது வந்து, எங்க துணி ரூம் கதவுங்க. காலையில ஆறு மணிக்கு வந்து..."

மணி அடிக்கவில்லை. முதல் முறை பேசுகிறவருக்கு அடிப்பதில்லை என்பது கிளப்பின் வழக்கம். மணிக்காரருக்கு இது தெரியாதா? அந்த வழக்கத்தை நோட்டில் எழுதி வைத்தவரே அவர்தான். ஆனால் முன்வரிசையிலிருந்து தலைவர் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ன மணிக்காரரே, வீட்டம்மான்னா சலுகையா?"

எல்லாரும் சிரித்தார்கள். இருபது தலைகள் பின்பக்கம் திரும்பின. மணிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டினார்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி 'டிங்'. நாலாவது தடவைக்குப் பிறகு அவள் கதவைப் பற்றிப் பேசவில்லை, அந்த ஒரு சொல்லைத் தவிர்க்கத்தான் பாடுபட்டாள். பாடுபடப் பாடுபட அதுவே வாயில் வந்தது. ஒன்பதாவது மணிக்கு "மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடம் அப்படியே மிச்சம் இருந்தது.

கைதட்டல் என்னவோ மணிக்காரருக்குத்தான். "பெண்டாட்டின்னும் பார்க்கலையே, இதுதாங்க நேர்மை!" என்றார் ஒருவர். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் செய்தது மணி அடித்ததுகூட இல்லை, அப்போது அப்படிச் சந்தோஷப்பட்டதுதான்.

பஸ்ஸில் திரும்பும்போது, "ஒன்பதுதான். முதல் தடவைக்கு மோசமில்ல" என்று சொல்லிப் பார்த்தார்.

"நான் எண்ணலைங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த வேலை வேணாம்னு சொல்லிட்டேன்." மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த ஒரு பெண்ணைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

முன்பெல்லாம் அவள் வேலையிலிருந்து வந்து, "இன்னிக்கு வந்து..." என்று ஆரம்பித்தால் டீ ஆறுவதற்குள் ஆஸ்பத்திரி முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும். இப்போது தந்தி அடிப்பதுபோலப் பேசினாள். கேஸ் தீர்ந்துவிட்டது. தம்பி போன் பண்ணினான். அவ்வளவுதான். ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஏன் என்று மணிக்காரருக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தால், அவர் விரல் தன்பாட்டுக்கு மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது. கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு தலைவரிடம் மணியைத் திருப்பிக் கொடுத்தார். காது சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு பொய். வீட்டில் வந்து சொன்னபோது, "ஏங்க? நல்லாத்தானே அடிச்சீங்க" என்றாள். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் நிஜமாகவே கேட்டாள்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சமையலறையில் அவள் குரலும், போன் ஸ்பீக்கரில் ஒரு இளம்பெண்ணின் குரலும் கேட்டன.

"நாளைக்குக் காலையில என்ன சொல்லணும்க்கா? எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்குது."

"பயப்படாதேம்மா. நாளைக்கு வந்து, குழந்தைங்க வார்டுக்கு முதல்ல அனுப்பச் சொல்லு. ஏன்னா வந்து, அங்க ராத்திரியே விரிப்பு தீர்ந்துடும். அப்புறம் கவுன் மடிக்கிறவங்க இருக்காங்கள்ல, அவங்களைத் திட்டாதே. கயிறு உள்பக்கம் வரணும்னு வந்து, நீயே ஒண்ணு மடிச்சுக் காட்டு."

புதுச் சூப்பர்வைசர்தான். தினமும் சாயங்காலம் கேட்டுக்கொண்டு போய், காலையில் இருபது பேர் முன்னால் அதையே ஒப்பிக்கிறாள் போலும். மணிக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவள் இன்னும் பேசிக்கொண்டே போக, பழக்கதோஷத்தில் எண்ணினார். பதினேழு 'வந்து'. ஒன்றாவது அந்தப் பெண்ணுக்கு இடைஞ்சலாக இருந்ததா என்றால், இல்லை.

அவள் முடிக்கும்வரை வெளியிலேயே நிற்கலாம் என்றுதான் இருந்தார். பாழாய்ப்போன கதவு கிரீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். "சரிம்மா, வச்சிடறேன்."

"நீ பேசு. நான் வெளியில நிக்கறேன்."

"பேசியாச்சுங்க. டீ போடவா?"

சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பெனியிலிருந்து வழி நெடுக மனதுக்குள் அடுக்கி வைத்தது எதுவும் இப்போது வாயில் வரவில்லை.

"டீ இருக்கட்டும். நான் வந்து... அன்னிக்கு நான் பண்ணினது வந்து... உனக்கு வந்து..."

அவள் அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள்.