‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்

பாக்கியலட்சுமியின் கனவில் அவள் மகன் ஜெய் நன்றாகப் பேசுவான். குழம்பில் உப்புத் தூக்கல் என்பான். பக்கத்து வீட்டு ஹஸீனா சிரிப்பதைப் போலவே சிரித்துக் காட்டுவான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, முக்கியமான சங்கதி ஒன்றைச் சொல்ல ஆரம்பிப்பான். இவன் எப்போது பேசக் கற்றுக்கொண்டான் என்று கனவுக்குள்ளேயே அவளுக்குச் சந்தேகம் வரும். கேட்டால் நிறுத்திவிடுவானோ என்று கேட்காமல் இருப்பாள். விழித்துப் பார்த்தால் சிங்கப்பூர்ப் பொங்கோல் வட்டாரத்து வீட்டு ஜன்னல் வெளுத்துக்கொண்டிருக்கும். உப்பு மட்டும் நினைவிருக்கும். பாழாய்ப்போன மூளை, முக்கியமானதை மட்டும் வழியிலேயே போட்டுவிட்டு வந்திருக்கும்.

அந்த மயக்கம் தெளியாமலே பாதி நாள் போய்விடும். பாக்கியம் பஸ் ஓட்டுகிறவள். மழை கழுவிவிட்ட சாலையில், பின்னால் எல்லாரும் தலை சாய்ந்து தூங்க, ஒரு வீடு நிறைய ஆட்களைத் தூக்கத்திலேயே எங்கோ கொண்டுபோவதாக அவளுக்குத் தோன்றும். பயப்பட வேண்டாம், கண்ணும் காலும் வேலையில்தான் இருக்கும். மனம் மட்டும் தனியாக ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்.

பாசிர் ரிஸில் வளர்ந்த பெண். படிப்பு ஏறவில்லை, மின்பொருள் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியது. ‘வீட்டுல என்னை ஓட்டுற ஓட்டுக்கு நீ பஸ்ஸே ஓட்டலாம்’ என்று கணவர் பரமசிவம் கிண்டலாகச் சொன்னதை ரோஷத்தோடு எடுத்துக்கொண்டு போய் உரிமம் வாங்கினவள். பரமசிவம் கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் மேற்பார்வையாளர். சாயங்காலம் ஏழு மணிக்கு, நகத்தில் மண்ணோடு வந்து நிற்பார். ஒரே பிள்ளை ஜெய். மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். சோறு, தண்ணி, பஸ் என்று கைப்பிடியளவு வார்த்தைகளோடு அவன் பேச்சு நின்றது. மூவரும் அதிலேயே குடித்தனம் நடத்தினார்கள், சந்தோஷமாகவும் இருந்தார்கள். ஒரு நாள் பண்ணையில் செடிகளுக்கு நடுவே பரமசிவத்தின் நெஞ்சு நின்றுபோயிற்று.

அதற்கப்புறம்தான் ஜெய் தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தான். காலையில் அவனைக் கூட்டிப்போக வரும் வேன் ஜன்னலில், சாயங்காலம் வீட்டு இரும்பு கேட்டில். தேக்கா சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசிவிட்டுக் கிளம்பிய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தானெல்லாம் தெறித்தது. அத்தோடு தேக்காவுக்கும் முழுக்கு. மூன்று வருடமாகிறது, இப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, நெற்றியில் ஆறாத வீக்கம். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் மையத்தில் அவளை உட்கார வைத்துத் தன்மையாகத்தான் சொன்னார்கள். இப்படியே போனால் எங்களால் பாதுகாக்க முடியாது, மாதக் கடைசியில் ஒரு முடிவு எடுக்க வேண்டும், தங்கிப் பராமரிக்கும் விடுதி நல்லது என்றார்கள். பாக்கியம் தலையாட்டிவிட்டு வந்து, பணிமனையில் காலி பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அந்த வீட்டில் அவள் என்ன செய்வாள்?

முடிவுக்கு முன்னால் ஒரு தடவை பார்க்கட்டும் என்று அவர்கள் அனுப்பிவைத்த தமிழ்ப் பெண்தான் பிரிஜட். இப்படிப்பட்ட பிள்ளைகளின் நடத்தையையும் பேச்சையும் கவனித்து வழி சொல்வது அவள் தொழில். வந்தாள், சுவரோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் செய்ய மாட்டேன் ஆன்ட்டி. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. அவன் முட்டிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடக்குது, பின்னாடி என்ன நடக்குது, அதான் எனக்கு வேணும்.”

சும்மா உட்கார்ந்திருக்க ஒரு படிப்பா என்று பாக்கியத்துக்கு எரிச்சல் வந்தது. அவளும் பார்க்காத வைத்தியமா? பல் டாக்டர், காது டாக்டர், வயிற்றுக்கு ஸ்கேன். ரசத்தில் மிளகைக்கூட நிறுத்தியாயிற்று. கோயிலில் மந்திரித்த கயிறு கட்டி, அதை அவன் கடித்துத் துப்பியும் ஆயிற்று. பிரிஜட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுபடியும் சும்மா உட்கார்ந்தாள். காலையில் வேன் வரும்போதும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து நின்றாள்.

“பக்கத்து சீட்ல யாரையும் உட்கார விட மாட்டான்,” என்றாள் பாக்கியம். “ஆளுங்களே ஆகாது அவனுக்கு.”

பிரிஜட் பார்த்தபோது அவன் யாரையும் தள்ளவில்லை. காலியான இருக்கையில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தான். வேன் நகர்ந்ததும்தான் நெற்றி ஜன்னலுக்குப் போனது.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது பிரிஜட் எழுந்து, “சரி ஆன்ட்டி, நான் வரேன்,” என்றாள். ஜெய் விருட்டென்று வாசலுக்குப் போய் அவளுடைய செருப்புகளை எடுத்து வந்து சோபாவுக்கு அடியில் வைத்தான். தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

“பாரேன், உன்னைப் புடிச்சிருக்கு அவனுக்கு,” என்று பாக்கியத்துக்கு ஒரே பூரிப்பு. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பிரிஜட் மறுபடி, “அப்ப நான் வரட்டுமா?” என்றாள். மறுபடியும் செருப்பு உள்ளே வந்தது. அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன். பேசிக்கொண்டே செருப்பை மாட்டியவள், அவசரத்தில், “ஓகே ஆன்ட்டி, கோயிங், பை,” என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஜெய் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

லிஃப்ட் வரை போனவள் போனை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“ஆன்ட்டி, காலையில வேன்கிட்ட அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

“என்னத்தச் சொல்லுவேன்? வரேன்டா கண்ணும்பேன்.”

“சொல்லிட்டு?”

“வேலைக்குப் போயிடுவேன்.”

சொன்ன பிறகுதான் அது பாக்கியத்தின் காதில் விழுந்தது.

தமிழர்கள் மொத்தப் பேரும் சேர்ந்து செய்கிற பித்தலாட்டம் அல்லவா இது. கிளம்புகிறவன் வருகிறேன் என்பான். போறேன் என்று வாய் தவறிய குழந்தைக்குத் தலையில் ஒரு குட்டு விழும்: போயிட்டு வரேன்னு சொல்லு. நமக்கு அது பழகிவிட்டது, பொருளை யார் பார்க்கிறார்கள்? ஜெய் பார்த்தான். அம்மா வருகிறேன் என்றாள், அதனால் அவளுக்கு இடம் பிடித்து வைத்தான். அவள் வராமலே வேன் நகர்ந்தது. தினமும். தேக்காவில் கிளம்பிய அந்த மனிதரும் ‘வரேன்’ என்றுதான் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தால் பிடித்து இழுக்காமல் என்ன செய்வான்?

“சொல்லிப் புரியவைக்க அவன்கிட்ட வார்த்தை இல்ல. அதான் தலை பேசுது,” என்றாள் பிரிஜட்.

மறுநாள் அவள் ஒரு பலகை கொண்டுவந்தாள். அதில் இரண்டே கட்டங்கள், இப்போது, அப்புறம். முதல் கட்டத்தில் பஸ் படம், அம்மா போகிறாள். இரண்டாவதில் சோற்றுத் தட்டு, சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். பலகை சுலபம். வார்த்தைதான் மல்லுக்கட்டியது.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்றியே.”

“சும்மா பழகிப் பாருங்க ஆன்ட்டி. அம்மா போறேன். அவ்வளவுதான்.”

“அம்மா போறே... யிட்டு வரேன்.”

“ஐயோ.”

“எனக்கென்ன ஆசையா? நாக்கு தானாப் போய் அங்க நிக்குது. எங்க, நீ சொல்லு.”

பிரிஜட் வாயைத் திறந்தாள், அவளுக்கும் பாதியில் மாட்டிக்கொண்டது. “எனக்கும் வர மாட்டேங்குது லா,” என்றாள். வெகு நாளைக்கப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆனாலும் சொன்னாள். வேன் வாசலில், மனசுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, பலகையைக் காட்டி, “அம்மா போறேன். சோத்துக்கு வருவேன்,” என்றாள். முதல் சில நாள் ஜெய் நம்பவில்லை. சாப்பாட்டுக்கு அவள் வந்து வந்து நின்றாள். ஒரு காலையில் அவன் இருக்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். வேறொரு பையன் அங்கே உட்கார்ந்தான், வேன் போயிற்று, ஜன்னலில் ஒரு சத்தமும் இல்லை. அன்று பாக்கியம் ஓட்டிய பஸ் தரையில்தான் ஓடியதா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. கடலோரம் திரும்புகையில் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. அவள் அதற்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் மட்டும் மாறவில்லை. ஏழு மணி ஆனால் ஜெய் கேட்டுக்குப் போவான். லிஃப்ட் திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்வான். யாரோ இறங்கி வேறு பக்கம் போவார்கள். அப்புறம் நெற்றி இரும்பில் மோத ஆரம்பிக்கும். பாக்கியம் தன் கையை நடுவில் கொடுப்பாள், அவள் புறங்கையும் கன்றிப்போயிருந்தது. வீக்கம் வற்றவில்லை, மாதக் கடைசி நெருங்கியது.

“ஏழு மணிக்கு யாரு வருவாங்க ஆன்ட்டி?” என்று பிரிஜட் கேட்டாள்.

“யாரும் வர மாட்டாங்க.” பாக்கியம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “அவரு வருவாரு. அப்பல்லாம்.”

பிரிஜட் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடைசிக் காலையில் பாக்கியம் அடுப்படியில் இருந்தாள், பரமசிவத்தின் குரல் வாசலிலிருந்து கேட்டது: வரேன்டா ராசா.

அவர் செத்துப்போனது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். கிராஞ்சிப் பண்ணை ஆட்கள் லாரியில் வந்தார்கள், அவள் பணிமனையிலிருந்து மலர்வளையம் வந்தது. ஜெய்யை மட்டும் ஹஸீனா வீட்டில் விட்டுவிட்டு மண்டாய் தகனச்சாலைக்குப் போனார்கள். அவனுக்கு என்ன தெரியப்போவுது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பாக்கியமும்தான் சொன்னாள். அதுவரை தவறாமல் ஏழு மணிக்கு வந்து நின்ற ‘வரேன்’ அன்று பொய்த்தது, அதற்கப்புறம் யார் ‘வரேன்’ என்றாலும் அவன் சும்மா விடவில்லை. அவன் அன்றிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறான்.

“சொன்னா நின்னுடுமா?”

“தெரியல ஆன்ட்டி. கூடவும் செய்யலாம். மாசக் கடைசி வேற. நீங்கதான் யோசிக்கணும். வேணும்னா நானே...”

“நீ வேணாம்மா. புருஷன் என் புருஷன். நான்தான் சொல்லணும்.”

சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, பாக்கியம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். விஷயம் விபரீதமாகப் போனால் பிள்ளை விடுதிக்குத்தான், அதை யாரும் தடுக்க முடியாது. ஜெய் எதிரில் வந்து உட்கார்ந்தான். முதல் கட்டத்தில் பரமசிவத்தின் படத்தை வைத்தாள்.

“அப்பா போயிட்டாரு.”

ஜெய் படத்தைப் பார்த்தான். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. எழுந்து போய், படங்கள் கிடந்த பெட்டியைக் கிளறி, சோற்றுத் தட்டுப் படத்தை எடுத்து வந்து அதில் வைத்தான். ஒழுங்காக, நேராக வைத்தான்.

பாக்கியம் அதை எடுத்தாள். “இல்லைய்யா. அப்பா வர மாட்டாரு.”

அவள் விரல்களிலிருந்து தட்டைப் பிடுங்கி மறுபடி வைத்தான். மறுபடி எடுத்தாள். பெற்ற பிள்ளையின் கையிலிருந்து அவன் அப்பாவைப் பிடுங்குவதாக இருந்தது அவளுக்கு. மூன்றாம் முறை வைக்கப் போனவன், கையை அந்தரத்திலேயே நிறுத்தி, காலிக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தான்.

வெளியே லிஃப்ட் திறந்தது. அவன் எழுந்து கேட்டுக்குப் போனான். பாக்கியம் ஓடிப்போய் இரும்புக்கும் நெற்றிக்கும் நடுவே கையைக் கொடுத்தாள். நெற்றி வந்து கையில் சாய்ந்தது, மோதவில்லை. அங்கேயே கிடந்தது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது அழுகை என்று அவளுக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. கைக்குழந்தையாக இருந்தபோது கேட்டது. இத்தனை வருடமாக அவன் முட்டிக்கொண்டிருக்கிறானே தவிர, அழுததே இல்லை.

பின்னாளில் ஒன்றிரண்டு தடவை அவன் கேட்டுக்குப் போனது உண்டு. ஆனால் வீக்கம் வற்றியது, விடுதிப் பேச்சும் அடங்கியது. அந்த நேரத்தில் அவள் அதையெல்லாம் நினைக்கவே இல்லை. அவனைத் தரையில் உட்கார வைத்து, அவளும் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “அழு சாமி. அழு,” என்றாள். அவளுக்கும் கொட்டியது.

சத்தம் கேட்டு ஹஸீனா, கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தாள்.

“என்னக்கா? என்னாச்சு?”

“இவங்கப்பா இறந்துட்டாரு, ஹஸீனா,” என்றாள் பாக்கியம்.

ஹஸீனா அவளையும் ஜெய்யையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சாவுச் செய்தி கேட்டால் தன் வீட்டில் சொல்லுகிற அரபு வார்த்தைகளை முணுமுணுத்தாள். உள்ளே வந்து ஜெய்யின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.